செயல்பாட்டு மேலாண்மையில் முனைவர் பட்ட ஆய்வு: விண்ணப்பிக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பொறியியலோ கணிதமோ வணிக மேலாண்மையோ படித்துவிட்டு, ‘ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட்’ எனப்படும் செயல்பாட்டு மேலாண்மைத் துறையில் (பொருள்களையும் சேவைகளையும் உருவாக்கி வழங்குவதைத் திட்டமிட்டு நடத்துவதை ஆராயும் துறை) முனைவர் பட்ட ஆய்வில் சேர விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இந்தப் படிப்புக்கு வழிகாட்டுகிறவர்கள் நம் கல்லூரிகளில் மிகக் குறைவு. எம்.பி.ஏ. சேர்க்கையைப் பற்றி ஆயிரம் பேர் சொல்வார்கள். ஆய்வுச் சேர்க்கையைப் பற்றிக் கேட்டால், ‘நல்ல மதிப்பெண் வைத்திருந்தால் கிடைத்துவிடும்’ என்ற ஒரு வரியோடு முடித்துக்கொள்வார்கள். நானும் அந்த ஒரு வரியை நம்பித் தொடங்கி, தட்டுத் தடுமாறித்தான் உள்ளே வந்தேன். அந்தத் தடுமாற்றம் உங்களுக்கு வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். உங்கள் விண்ணப்பத்தைப் படித்து முடிவெடுப்பவர்கள் அந்தத் துறைப் பிரிவில் இருக்கும் சில பேராசிரியர்கள். மதிப்பெண் உங்கள் கோப்பை அவர்கள் மேசைவரை கொண்டுசேர்க்கும், அவ்வளவுதான். அதன் பிறகு அவர்கள் தேடுவது, இத்துறையில் ஆய்வுக் கேள்வி என்றால் எப்படி இருக்கும் என்பது இவருக்குத் தெரிகிறதா என்பதையே. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தத் தேடலுக்கு விடை சொல்லத் தயாராவதற்கான வழிதான்.

1. எந்த வகைத் துறையில் சேர்வது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தியாவில் இந்த ஆய்வு ஒரே பெயரில், ஒரே இடத்தில் நடப்பதில்லை. முதல் வகை, ஐ.ஐ.எம்.களில் உள்ள செயல்பாட்டு மேலாண்மைப் பிரிவுகள். அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா தொடங்கி நம் திருச்சிராப்பள்ளி ஐ.ஐ.எம். வரை இப்பிரிவுகள் உண்டு. சில இடங்களில் முடிவெடுத்தல் அறிவியலோடு சேர்த்து ஒரே பிரிவாக வைத்திருப்பார்கள். மும்பை பவாயில் நைட்டி என்ற பெயரில் இயங்கிய நிறுவனம் 2023-இல் ஐ.ஐ.எம். மும்பை ஆகிவிட்டது, பழைய பெயரில் கிடைக்கும் சேர்க்கை விவரங்களை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். இரண்டாம் வகை, ஐ.ஐ.டி.களில் உள்ள மேலாண்மைத் துறைகள், சென்னை ஐ.ஐ.டி.யின் மேலாண்மைத் துறையும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மேலாண்மைத் துறையும் இவ்வகையைச் சேர்ந்தவை. மூன்றாம் வகை, தொழிலகப் பொறியியல் துறைகள். மும்பை ஐ.ஐ.டி.யின் தொழிலகப் பொறியியல் மற்றும் செயல்பாட்டு ஆய்வுத் துறை, கரக்பூர் ஐ.ஐ.டி.யின் தொழிலக மற்றும் அமைப்புப் பொறியியல் துறை, கிண்டி பொறியியல் கல்லூரியின் தொழிலகப் பொறியியல் துறை ஆகியவை இதில் வரும்.

மூன்றிலும் நடக்கும் ஆய்வு ஒன்றோடொன்று நெருங்கியதுதான். ஆனால் சேர்க்கைத் தேர்வு, விண்ணப்பக் காலம், முதலிரண்டு ஆண்டுகளில் படிக்க வேண்டிய பாடங்கள், முடித்த பின் கிடைக்கும் வேலை ஆகியவை வேறுபடும். வணிகப் பள்ளியில் ஆசிரியராக வேண்டும் என்று விரும்புகிறவர் முதல் வகையை முன்னிறுத்துவது நல்லது. உகப்பாக்கமும் (ஆப்டிமைசேஷன்) கணினிவழி உருவகப்படுத்தலும் (சிமுலேஷன்) பிடித்தவருக்கு மூன்றாம் வகை இயல்பாகப் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்புவது பரவலாக நடக்கிறது. அது இரண்டு இடத்திலும் பலன் தருவதில்லை.

2. தகுதியைச் சரிபாருங்கள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, முதுநிலைப் பட்டத்தில் 55 சதவீதமோ, நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதமோ பெற்றவர்கள் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தகுதி உடையவர்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வளமான பிரிவில் (கிரீமி லேயர்) வராத பிற பிற்படுத்தப்பட்டோர், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. ஐ.ஐ.எம்.களும் ஐ.ஐ.டி.களும் தங்களுக்கென்று தனி விதிகள் வைத்திருப்பதால், ஒவ்வொன்றின் சேர்க்கை அறிவிக்கையையும் தனித்தனியே படியுங்கள். பி.இ. முடித்த கையோடு நேரடியாக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பல நிறுவனங்கள் உயர்ந்த தரப்புள்ளியோடு வரும் பொறியியல் பட்டதாரிகளை ஏற்கின்றன.

தரப்புள்ளிச் சராசரியைச் சதவீதமாக மாற்றும்போது உங்கள் பல்கலைக்கழகம் அச்சிட்டுத் தந்துள்ள முறையையே பின்பற்றுங்கள். பெரும்பாலும் அது மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் இருக்கும். நீங்களாக ஒரு வாய்பாட்டை வைத்துக் கணக்கிட்டு நிரப்பினால், சான்றிதழ் சரிபார்ப்பின்போது சிக்கல் வரும்.

3. தேர்வுகளும் நாட்காட்டியும்

ஐ.ஐ.எம்.கள் நடத்தும் தேர்வும் ஐ.ஐ.டி.கள் நடத்தும் தேர்வும் தமிழில் ‘கேட்’ என்றே எழுதப்படுவதால், முதலாவதை மேலாண்மை கேட் என்றும் இரண்டாவதைப் பொறியியல் கேட் என்றும் இங்கே பிரித்து எழுதுகிறேன்.

மேலாண்மை கேட் நவம்பர் இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். பதிவு ஆகஸ்ட் தொடக்கத்தில் திறந்து செப்டம்பரில் மூடிவிடும். முடிவு டிசம்பரில் வருவது அண்மை ஆண்டுகளின் வழக்கம். இரண்டு மணி நேரத் தேர்வு, மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். பொறியியல் கேட் பிப்ரவரியில் நடக்கும்; பதிவு ஆகஸ்ட் இறுதிவாக்கில் தொடங்கும்; முடிவு மார்ச் மாதத்தில் வரும்; அதன் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். உற்பத்தி மற்றும் தொழிலகப் பொறியியல், இயந்திரவியல், புள்ளியியல் ஆகிய தாள்களில் எது உங்கள் பட்டத்துக்குப் பொருந்துமோ அதை எழுதலாம். யு.ஜி.சி. நெட் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கும். 2024 முதல் அதன் மதிப்பெண் பல்கலைக்கழக முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுகிறது: நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் எடை. நெட் வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) பெறாதவர்களுக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும்.

இதில் பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. ஐ.ஐ.எம்.களின் முனைவர் பட்ட விண்ணப்பங்கள் பெரும்பாலும் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையே பெறப்படுகின்றன. பிப்ரவரியில் எழுதும் பொறியியல் கேட் மதிப்பெண் மார்ச்சில்தான் வரும் என்பதால், அந்த ஆண்டு விண்ணப்பத்துக்கு அது உதவாது. முந்தைய ஆண்டின் மதிப்பெண் கையில் இருந்தால் மட்டுமே, அதுவும் அந்த நிறுவனம் எத்தனை ஆண்டுப் பழைய மதிப்பெண்ணை ஏற்கிறது என்பதைப் பொறுத்தே, பயன்படும். ஆகவே ஐ.ஐ.எம்.தான் இலக்கு என்றால் ஆகஸ்டிலேயே மேலாண்மை கேட் தேர்வுக்குப் பதிவு செய்துவிடுங்கள். இன்னொரு குழி: அத்தேர்வை எழுதினாலே ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பித்ததாகிவிடும் என்ற நம்பிக்கை. அப்படி இல்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் முனைவர் பட்ட விண்ணப்பத்தைத் தனியாக அனுப்ப வேண்டும்.

ஐ.ஐ.டி.கள் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை ஆய்வு மாணவர்களைச் சேர்க்கின்றன. ஜூலைப் பருவத்துக்கு மார்ச், ஏப்ரல் வாக்கிலும் ஜனவரிப் பருவத்துக்கு அக்டோபர் வாக்கிலும் அறிவிக்கை வரும். அண்ணா பல்கலைக்கழகத்திலும் ஜனவரி, ஜூலை என இரு பருவங்கள் உண்டு. மொத்தத்தில், ஒரு ஜூலையில் சேர வேண்டுமானால் அதற்கு முந்தைய ஜூலையில் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும்.

4. கணித அடித்தளத்தை உறுதிப்படுத்துங்கள்

நிகழ்தகவு, புள்ளியியல், நேரியல் திட்டமிடல் ஆகிய மூன்றும் கைவசம் இருந்தால் போதும். மற்றவற்றைச் சேர்ந்த பின் கற்றுக்கொள்ளலாம். இவற்றில் நிகழ்தகவே முதன்மையானது. சரக்கிருப்பு, வரிசைக் கோட்பாடு, வருவாய் மேலாண்மை ஆகிய அனைத்தும், நாளை என்ன நடக்கும் என்று தெரியாத நிலையில் இன்று முடிவெடுப்பதைப் பற்றியவை.

சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஜி. சீனிவாசன் செயல்பாட்டு ஆய்வு (ஆபரேஷன்ஸ் ரிசர்ச்) பற்றி நடத்திய பாடங்கள் என்.பி.டெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கரும்பலகையில் ஒவ்வொரு படியாகக் கணக்கைப் போட்டுக்காட்டும் அந்த முறை, தனியாகப் படிக்கிறவர்களுக்கு மிகவும் ஏற்றது. என்.பி.டெல் பாடங்களில் சேரக் கட்டணம் இல்லை; சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் பாடத்துக்கு 1000 ரூபாய் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். கணிதம் குறைவாகப் படித்த பி.காம்., பி.பி.ஏ. பட்டதாரிகளுக்கு அந்தச் சான்றிதழ் விண்ணப்பத்தில் ஓரளவு உதவும். பொறியாளர்களுக்குப் பாடம் போதும். சான்றிதழுக்காகச் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

5. பேராசிரியர்களின் ஆய்வுகளைப் படியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நாள்கள் ஒதுக்க வேண்டும். நீங்கள் விண்ணப்பிக்க எண்ணும் ஒவ்வொரு பிரிவிலும் உள்ள ஆசிரியர்களின் பெயர்களை எழுதி, அண்மை ஐந்தாண்டுகளில் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புகளையும் சுருக்கங்களையும் படியுங்கள். எல்லாம் புரிய வேண்டும் என்பதில்லை. முன்னுரையையும் முடிவுரையையும் மட்டும் படித்தாலே, அவர் எந்தக் கேள்வியைக் கேட்கிறார், எந்த முறையில் விடை தேடுகிறார் என்பது தெரிந்துவிடும்.

முறைகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். கணித மாதிரி அமைத்து விடை காண்பது ஒன்று. நிறுவனங்களின் உண்மையான தரவுகளைப் பொருளியல் புள்ளியியல் முறைகளால் ஆராய்வது இன்னொன்று. மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைச் சோதனைகள் மூலம் அறிவது மூன்றாவது. ‘மேனேஜ்மென்ட் சயின்ஸ்’, ‘ஆபரேஷன்ஸ் ரிசர்ச்’, ‘புரொடக்‌ஷன் அண்ட் ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட்’, ‘ஜர்னல் ஆஃப் ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட்’ ஆகிய இதழ்களை இத்துறையினர் மேலானவையாக மதிக்கிறார்கள். இவற்றில் முதலிரண்டில் கணித மாதிரிகள் மிகுதி. நான்காவதில் தரவு சார்ந்த ஆய்வுகளே மேலோங்கி இருக்கும். ஒரு பேராசிரியர் எந்த இதழில் தொடர்ந்து எழுதுகிறார் என்பதே அவரிடம் சேர்ந்தால் உங்கள் அடுத்த ஐந்தாண்டுகள் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிவிடும்.

பேராசிரியருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஐ.ஐ.எம்.களில் முதல் ஆண்டில் நெறியாளர் தேவையில்லை. பிரிவாகச் சேர்த்துக்கொண்டு, பாடங்கள் முடிந்த பிறகே நெறியாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆதலால் அங்கே மின்னஞ்சல் கட்டாயம் இல்லை. பல்கலைக்கழகங்களில் நிலைமை வேறு. மானியக் குழு விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்க முடியும். பணி ஓய்வுக்கு மூன்றாண்டுகளுக்குக் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை ஏற்க முடியாது. எனவே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதானால், நீங்கள் எண்ணியுள்ள நெறியாளரிடம் இடம் காலியாக இருக்கிறதா, அவர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்ற இரண்டையும் விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

6. ஆய்வு நோக்க அறிக்கையை எழுதுங்கள்

பெரும்பாலான விண்ணப்பங்கள் தோற்பது இந்த இடத்தில்தான். தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் தாங்கள் செய்து முடித்த மேம்பாட்டுப் பணியை அப்படியே ஆய்வுத் திட்டமாக எழுதிவிடுகிறார்கள். அந்தப் பணி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், அது ஒரு நிறுவனத்தின் சிக்கலுக்குத் தீர்வு. ஆய்வுக் கேள்வி ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டு. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் துணியைச் சாயமிட வெளியே ஒரு சாயப்பட்டறைக்கு அனுப்புகிறது. பட்டறை தாமதப்படுத்துகிறது, கப்பலில் ஏற்ற வேண்டிய நாள் தவறிப்போகிறது. ‘இந்நிறுவனத்தின் சாயமிடும் காலத்தைக் குறைத்தல்’ என்று எழுதினால் அது திட்ட அறிக்கை. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஒரே பட்டறை பல வாடிக்கையாளர்களின் துணியை ஒரே கொள்திறனில் சாயமிடும்போது, தாமதத்துக்கு அபராதம் விதிக்கும் வாடிக்கையாளர், விரைவுக்கு ஊக்கத்தொகை தரும் வாடிக்கையாளர் ஆகிய இருவரில் யாருடைய வேலையை அது முதலில் எடுக்கும்? எல்லாரும் அபராதம் விதிக்கத் தொடங்கினால் மொத்தத் தாமதம் குறையுமா, வரிசையில் இடம் மட்டும் மாறுமா? இது திருப்பூருக்கு மட்டும் உரிய கேள்வி இல்லை. ஒரே கொள்திறனுக்குப் பலர் போட்டியிடும் எந்த இடத்துக்கும் பொருந்தும். இதை முன்னுரிமை வரிசை மாதிரியாக அமைத்து ஆராயலாம். பட்டறைகளின் வேலைப் பதிவேடுகளைக் கொண்டு தரவு வழியில் ஆராயலாம். பட்டறை உரிமையாளர்களை வைத்துச் சோதனை நடத்தியும் அறியலாம். ஒரே கேள்வி மூன்று வகைப் பேராசிரியர்களுக்கும் மூன்று விதமாக ஆர்வமூட்டும் என்பதால், ஐந்தாம் படியில் நீங்கள் படித்தறிந்ததற்கு ஏற்ப எந்த முறையை முன்வைப்பது என்று முடிவு செய்யலாம்.

அறிக்கையில் நான்கு செய்திகள் இருந்தால் போதும்: நீங்கள் நேரில் கண்ட சிக்கல், அதிலிருந்து எழும் பொதுக் கேள்வி, அக்கேள்விக்கு இதுவரை யார் எவ்வாறு விடை சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் எந்த முறையில் மேலே செல்ல விரும்புகிறீர்கள். சிறு வயதிலிருந்தே ஆய்வில் ஆர்வம் என்று தொடங்கும் பத்தியை எடுத்துவிடுங்கள். செயற்கை நுண்ணறிவு, நான்காம் தொழிற்புரட்சி, தொடரேடு (பிளாக்செயின்) ஆகிய மூன்றையும் ஒரே தலைப்பில் அடுக்குவதையும் தவிருங்கள். கேள்வி இல்லாமல் கருவி மட்டும் இருக்கிறது என்பதைப் படிப்பவர் உடனே கண்டுகொள்வார். இறுதியாக, அறிக்கையில் குறிப்பிடும் ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையையும் உண்மையில் படித்திருங்கள். நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்து வரக்கூடும்.

7. சான்றிதழ்களைத் திரட்டுங்கள்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், பட்டப் படிப்பின் எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்கள், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகச் சான்றிதழ் அல்லது பட்டச் சான்றிதழ், தேர்வு மதிப்பெண் அட்டை, பணி அனுபவச் சான்று ஆகியவற்றை ஸ்கேன் செய்து கோப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். இவை எளியவை. சிக்கல் தருபவை வேறு.

முதலாவது, பெயர். பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்தோடு உள்ள பெயர், ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் தந்தையின் முழுப் பெயரோடு விரிந்து நிற்கும். வட இந்திய நிறுவனங்களின் விண்ணப்பப் படிவம் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்கியிருக்கும். எல்லா இடத்திலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். தேர்வுப் பதிவிலும் நிறுவன விண்ணப்பத்திலும் ஓர் எழுத்துகூட மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் வேறுபாடு இருந்தால், இரண்டும் ஒரே ஆளின் பெயர்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, இட ஒதுக்கீட்டுச் சான்றிதழ். தமிழ்நாட்டில் நாம் வைத்திருக்கும் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசு வடிவத்தில், வளமான பிரிவில் வரவில்லை என்று வட்டாட்சியர் சான்றளித்த பிற பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகச் செல்வதால் நாள் பிடிக்கும். விண்ணப்பிக்கும் முன் உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் அதில் இல்லை. வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் வேளாண் வருமானமும் சேராது. அவர்கள் வகிக்கும் அரசுப் பதவியின் நிலை தனியே பார்க்கப்படும். இதை அறியாமல், பெற்றோர் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

இச்சான்றிதழில் காலமும் முக்கியம். பல நிறுவனங்கள் அந்த நிதியாண்டில் வழங்கப்பட்ட சான்றிதழையே கேட்கின்றன. ஜனவரியில் விண்ணப்பிக்கும்போது இணைத்தது, ஜூனில் சேரும்போது பழையதாகியிருக்கும். ஏப்ரல் 1-ஆம் தேதிக்குப் பிறகு உடனே புதிதாக விண்ணப்பித்துவிடுங்கள். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் சான்றிதழுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

8. பரிந்துரைக் கடிதங்கள்

பொதுவாக இரண்டோ மூன்றோ கேட்பார்கள். நீங்கள் விண்ணப்பத்தில் தரும் மின்னஞ்சல் முகவரிக்கு நிறுவனமே ஓர் இணைப்பை அனுப்பும். ஆசிரியர் அதில் நேரடியாகப் பதிவேற்றுவார். அலுவலக மின்னஞ்சல்தான் வேண்டும் என்று சில நிறுவனங்கள் வற்புறுத்துவதால், ஓய்வுபெற்ற ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது அதை முதலில் பாருங்கள். குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே கேளுங்கள். உங்கள் தன்விவரக் குறிப்பு, ஆய்வு நோக்க அறிக்கையின் வரைவு, அவரிடம் செய்த திட்டப்பணியின் சுருக்கம் மூன்றையும் கொடுத்தால் அவரால் குறிப்பாக எழுத முடியும். கல்லூரி முதல்வர் எழுதும் பொதுவான நற்சான்றைவிட, உங்களுக்குப் பாடம் நடத்தி உங்கள் வேலையை அறிந்த உதவிப் பேராசிரியரின் கடிதம் மதிப்பு மிக்கது. கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பு, இணைப்பு வந்து சேர்ந்ததா என்று பணிவோடு நினைவூட்டுங்கள். அது பல நேரங்களில் வேண்டாத அஞ்சல்களோடு கிடக்கும்.

9. செலவு

மேலாண்மை கேட் தேர்வுக்கு 2025-இல் கட்டணம் 2600 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 1300 ரூபாய். பிற பிற்படுத்தப்பட்டோருக்கும் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கும் இதில் சலுகை இல்லை. பொறியியல் கேட் 2026-க்கு ஒரு தாளுக்கு 2000 ரூபாய். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 1000 ரூபாய். தாமதமாகப் பதிவு செய்தால் கூடுதலாக 500 ரூபாய். நெட் தேர்வுக்குப் பொதுப்பிரிவினர் 1150 ரூபாயும், பிற பிற்படுத்தப்பட்டோரும் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினரும் 600 ரூபாயும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் 325 ரூபாயும் செலுத்தி வந்திருக்கிறார்கள். இவை ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால் புதிய அறிவிக்கையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனத்தின் விண்ணப்பக் கட்டணமும் நேர்காணலுக்குச் சென்றுவரும் செலவும் சேரும்.

சேர்ந்த பிறகு நிலைமை எளிதாகும். ஐ.ஐ.எம்.களில் முழுநேர ஆய்வு மாணவர்களுக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. மாத உதவித்தொகையும் உண்டு. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். ஆனால் முதல் மாத உதவித்தொகை கைக்கு வரக் காலதாமதம் ஆகலாம். விடுதி முன்பணம், உணவுக் கட்டணம், மடிக்கணினி ஆகியவற்றுக்காக இரண்டு மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பகுதிநேர ஆய்வுக்கு உதவித்தொகை கிடையாது. பணியில் இருப்பவர்கள் நிறுவனத்திடமிருந்து ஆட்சேபணையின்மைச் சான்று பெற வேண்டும். ஆய்வுக்கு அனுமதி, போதிய நேரம், பாடங்களுக்காகத் தேவைப்பட்டால் பணியிலிருந்து விடுவிப்பு ஆகிய மூன்றும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறுமனே ‘ஆட்சேபணை இல்லை’ என்ற ஒற்றை வரிக் கடிதம் திருப்பி அனுப்பப்படும். தொலைநிலையிலோ இணையவழியிலோ முனைவர் பட்டம் பெறுவதை மானியக் குழு அனுமதிப்பதில்லை. பணியில் இருப்பவர்களைக் குறிவைத்து, வீட்டிலிருந்தே விரைவில் பட்டம் என்று தொலைபேசியில் அழைப்பவர்களிடம் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு ஆய்வுக் கட்டுரை வெளியிடும் இதழ்களும் அப்படியே. 2022 விதிமுறைகள், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையே நீக்கிவிட்டன. விண்ணப்பத்தில் தரமற்ற இதழ் ஒன்றின் பெயர் இருப்பதைவிட எதுவும் இல்லாமலிருப்பது மேல்.

10. எழுத்துத் தேர்வும் நேர்காணலும்

மார்ச்சிலிருந்து மே வரை அழைப்புகள் வரும். சில இடங்களில் நேர்காணலுக்கு முன் குறுகிய எழுத்துத் தேர்வு வைப்பார்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்து விமர்சிக்கச் சொல்வதும் உண்டு. நேர்காணலில் வெள்ளைப் பலகையில் கணக்குப் போடச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தே செல்லுங்கள்.

இரண்டு கருத்துகளை ஆழமாகத் தெரிந்து வைத்திருப்பது பல கேள்விகளுக்குத் துணைசெய்யும். ஒன்று லிட்டில் விதி: ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருப்பவர்களின் எண்ணிக்கை, வருகை வேகத்தையும் ஒருவர் உள்ளே இருக்கும் சராசரி நேரத்தையும் பெருக்கி வருவது. புறநோயாளிப் பிரிவுக்கு மணிக்கு 60 பேர் வந்து, ஒவ்வொருவரும் சராசரியாக ஒன்றரை மணி நேரம் உள்ளே இருந்தால், எந்த நேரத்திலும் சராசரியாக 90 பேர் உள்ளே இருப்பார்கள். வருகை எப்படிச் சிதறி இருந்தாலும் இது பொருந்தும். நீண்ட காலச் சராசரிகள் நிலைபெற்றிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. எண்ணைச் சொன்னதும் அந்த நிபந்தனையைத்தான் அடுத்துக் கேட்பார்கள்.

மற்றொன்று, ஒரே நாளில் விற்றுத் தீர வேண்டிய சரக்கை எவ்வளவு வாங்குவது என்ற கேள்வி. மல்லிகையைக் கிலோ 600 ரூபாய்க்கு வாங்கி 1000 ரூபாய்க்கு விற்கும் வியாபாரி, விற்காத பூவைச் சென்ட் தொழிற்சாலைக்கு 400 ரூபாய்க்குத் தருகிறார் என்று கொள்வோம். பூ போதாமல் போனால் கிலோவுக்கு 400 ரூபாய் இழப்பு. மிஞ்சினால் 200 ரூபாய் இழப்பு. 400-ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 600-ஆல் வகுத்தால் மூன்றில் இரண்டு பங்கு. தேவை முழுவதையும் நிறைவேற்றும் நிகழ்தகவு அந்த அளவுக்கு வருமாறு வாங்குவதே சிறந்தது. அதாவது சராசரித் தேவையைவிடப் பெரும்பாலும் சற்று அதிகமாக. ஏன் சராசரியை வாங்கக் கூடாது, தேவையின் பரவல் தெரியாவிட்டால் என்ன செய்வது, பூவின் விலை நேரத்துக்கு நேரம் மாறினால் என்ன ஆகும் என்று கேள்விகள் விரியும். சரியான விடையைவிட, எந்த அனுமானத்தைத் தளர்த்தினால் எது மாறும் என்று உரக்கச் சிந்திப்பதையே அவர்கள் கவனிக்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படித் தேடுவீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் தயங்க வேண்டாம். நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள், தேவைப்பட்டால் பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

11. இடம் கிடைத்த பிறகு

இடம் உறுதியானதும் முன்பணம் செலுத்த வேண்டிய கடைசி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இடங்கள் கிடைத்தால், உதவித்தொகையைவிட மூன்று விவரங்களை ஒப்பிடுங்கள்: உங்கள் முறையில் ஆய்வு செய்யும் ஆசிரியர்கள் எத்தனை பேர், அங்கு முடித்தவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இப்போது எங்கே பணிபுரிகிறார்கள். அங்கே படிக்கும் ஆய்வு மாணவர் ஒருவரிடம் நேரில் பேசினால் மூன்றும் தெரிந்துவிடும். முழுநேர ஆய்வு பொதுவாக நான்கைந்து ஆண்டுகள் ஆகும். மானியக் குழு விதியில் குறைந்த அளவு மூன்றாண்டு, கூடியது ஆறாண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் இரண்டாண்டு நீட்டிப்பு உண்டு.

கல்லூரியிலிருந்து மாற்றுச் சான்றிதழையும், பல்கலைக்கழகத்திலிருந்து இடப்பெயர்வுச் சான்றிதழையும் ஏப்ரலிலேயே கேட்டு விண்ணப்பியுங்கள். இரண்டும் சேர்க்கை நாளில் அசலாகவே கேட்கப்படும். இறுதியாண்டு மாணவர்கள், தேர்வு முடிவு வர நாளானால் தற்காலிகச் சான்றிதழை எந்தத் தேதிக்குள் தரலாம் என்று சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலையும் அச்செடுத்துக் கையோடு கொண்டு செல்லுங்கள்.